ஓய்வு பெற்ற வருடம் நான் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு

2024 ஜூன் மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஃபார்ம் 16, அதாவது வருடச் சம்பளமும் அதில் பிடித்த வரியும் காட்டும் சான்று, மெயிலில் வந்தது. முந்தைய வருடங்களில் அதைத் திறந்து, கடைசியில் உள்ள வரித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அந்த முறை பகுதி ‘பி’யை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தேன். விலக்குகள் வரும் இரண்டாவது பத்தியில் (டி) என்ற இடத்தில், விடுப்புச் சம்பளம் (எடுக்காமல் மீந்த லீவுக்குத் தரும் பணம்), பிரிவு 10(10ஏஏ), 3,00,000 என்று இருந்தது. அந்த மூன்று லட்சத்தைப் பார்த்ததும் உறுத்தியது. அந்த உச்சவரம்பை 25 லட்சமாக உயர்த்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 1991 ஏப்ரலில் சேர்ந்தேன். 58 வயது முடிந்து 2023 நவம்பர் 30 அன்று ஓய்வு பெற்றேன். மொத்தம் 32 வருடம் 8 மாதம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 78,000 ரூபாய். ஜூலையில் இன்கிரிமென்ட் வருவதற்கு முன் அது 75,000. இந்த இரண்டு எண்களையும் சும்மா சொல்லவில்லை. ஓய்வுக்காலப் பணத்தின் வரிக் கணக்கு முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் வருட பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வந்த நிறுவனம் எங்களுடையது. அந்தச் சட்டப்படி கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சேவை வருடங்களால் பெருக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் எனக்கு 33 வருடம். 78,000-க்கு ஒரு வருடக் கிராஜுவிட்டி 45,000. 33 வருடத்துக்கு 14,85,000. தனியார் ஊழியருக்கு வாழ்நாள் மொத்த வரம்பு 20 லட்சம். நடுவில் வேறு கம்பெனியில் வாங்கி விலக்குப் பெற்றிருந்தால் அதையும் சேர்த்துத்தான் 20 லட்சம். எனக்கு ஒரே கம்பெனி என்பதால் முழுத் தொகைக்கும் வரி இல்லை.

விடுப்புச் சம்பளத்தில்தான் கோளாறு. என் கணக்கில் மீதி இருந்த 240 நாள் லீவுக்கு, மாதம் 78,000 வீதம் எட்டு மாதச் சம்பளமாக 6,24,000 கொடுத்தார்கள். தனியார் ஊழியருக்கு இதில் எவ்வளவு விலக்கு என்பதை நான்கு தொகைகளைப் போட்டுப் பார்த்து, அவற்றில் குறைந்ததை எடுத்து முடிவு செய்ய வேண்டும். கையில் வாங்கிய தொகை ஒன்று. கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தின் பத்து மடங்கு இன்னொன்று. சேவை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அதிகபட்சம் 30 நாள் என்று லீவைக் கணக்கிட்டு, எடுத்ததையும் ஏற்கெனவே காசாக்கியதையும் கழித்து, மீதி நாட்களுக்குச் சராசரிச் சம்பளப்படி வரும் தொகை மூன்றாவது. நான்காவது அந்த 25 லட்சம். இதற்கான அறிவிப்பு எண் 31/2023, தேதி 2023 மே 24. அது 2023 ஏப்ரல் 1 முதலே செல்லும். அதற்கு முன் இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வரம்பு 3 லட்சமாகவே கிடந்தது.

கிராஜுவிட்டிக்குக் கடைசி மாதச் சம்பளம், இதற்குச் சராசரிச் சம்பளம். அதில் 26 நாள் மாதம், இதில் 30 நாள் மாதம். அதில் எட்டு மாதம் முழு வருடமானது, இதில் அந்த எட்டு மாதத்தை விட்டுவிட வேண்டும். நானே இரண்டு முறை இதில் குழம்பினேன். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து மாதம் 75,000, ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதம் 78,000. சராசரி 76,500. பத்து மாதத்துக்கு 7,65,000. லீவுக் கணக்கில் 32 வருடத்துக்கு 960 நாள், கழிந்தது 720, மீதி 240 நாள். எட்டு மாதம், 76,500 வீதம், 6,12,000. நான்கில் இதுதான் குறைந்தது. அதாவது எனக்கு விலக்கு 6,12,000. வரிக்கு உட்படுவது வெறும் 12,000.

ஆபீஸில் பழைய வரம்பையே வைத்து 3,24,000-க்கு வரி போட்டிருந்தார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை படிகள் எல்லாம் சேர்த்து என் சம்பளம் 8,60,000. புதிய வரி முறைதான். அவர்கள் கணக்குப்படி பிடித்த டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) ஏறக்குறைய 83,300. சரியாகப் போட்டிருந்தால் 38,700-தான் வந்திருக்கும். கிட்டத்தட்ட 44,600 ரூபாய் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள்.

சம்பளப் பிரிவில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். என்னோடு பத்து வருடம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர். “அண்ணா, சாஃப்ட்வேர்ல பழைய லிமிட் இருந்திருக்குதுங்க. எங்க டிடிஎஸ் ரிட்டர்ன் எல்லாம் போயிருச்சு. நீங்க உங்க ரிட்டர்ன்ல கிளெய்ம் பண்ணிக்குங்கண்ணா” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே மாதத்தில் ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். உடனே அவர்களுக்கும் போன் போட்டேன். ஒருவர் ஃபார்ம் 16-இல் இருப்பதை அப்படியே போட்டு ரிட்டர்னை ஏற்கெனவே தாக்கல் செய்து முடித்திருந்தார். திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்று சொல்லி, அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தேன். அவரிடம் கூடுதலாகப் பிடித்திருந்த வரி என்னைவிட அதிகம்.

ஃபார்ம் 16 என்பது முதலாளி போட்ட கணக்கு. அதில் விலக்கு குறைவாக இருக்கிறது என்பதற்காக நம் உரிமை குறைந்துவிடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் ‘ஆபீஸ்லயே போட்டாச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். முப்பது வருட உழைப்பின் லீவுப் பணம் அது.

‘புதிய வரி முறைக்குப் போனால் எந்த விலக்கும் கிடையாதே’ என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு வாடகைப் படி, சேமிப்புக்கான 80சி கழிவு போன்றவைதான் போகும். கிராஜுவிட்டி, ஓய்வின்போது வரும் விடுப்புச் சம்பளம், கம்யூட் செய்த (ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய) பென்ஷன், பிஎஃப் ஆகியவற்றுக்கான விலக்கு புதிய முறையிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கும்போதே வருடா வருடம் பதினைந்து நாள் லீவைக் காசாக்குகிறோமே, அதற்கு எந்த முறையிலும் விலக்கு இல்லை.

இனி ரிட்டர்னில் எப்படிக் காட்டினேன் என்பது. என் கிராஜுவிட்டி ஃபார்ம் 16-லேயே இல்லை. கம்பெனி தனியாக வைத்திருந்த கிராஜுவிட்டி நிதியிலிருந்து நேராக வங்கிக்கு வந்ததால் சம்பளக் கணக்கில் ஏறவில்லை. ‘வரியும் இல்லை, ஃபார்மிலும் இல்லை, அப்புறம் ஏன் காட்ட வேண்டும்’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் ஏஐஎஸ் அறிக்கையை, அதாவது நம் வரவு செலவு பற்றி வருமான வரித் துறையிடம் இருக்கும் தகவல் தொகுப்பை, இறக்கிப் பார்த்தேன். மார்ச் மாதம் பிஎஃப் பணம் வந்ததும் நான் வங்கியில் போட்ட 25 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் அதில் இருந்தது. ஒரே வருடத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ டெபாசிட் போட்டால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். எட்டு, ஒன்பது லட்சம் வருமானம் காட்டும் ஆள் 25 லட்சம் டெபாசிட் போட்டிருக்கிறார் என்றால் யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்பார்கள். வந்த பணம் அத்தனையும் ரிட்டர்னில் இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அதனால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவத்தில் மொத்தச் சம்பளத்தில், பிரிவு 17(1) என்ற இடத்தில், சம்பளம் 8,60,000, விடுப்புச் சம்பளம் 6,24,000, கிராஜுவிட்டி 14,85,000 மூன்றையும் கூட்டி 29,69,000 என்று போட்டேன். அதன் கீழே விலக்குகளுக்கான பட்டியலைத் திறந்து 10(10)-ஐத் தேர்ந்தெடுத்து 14,85,000 கழித்தேன். 10(10ஏஏ) என்ற இடத்தில் தானாக நிரம்பியிருந்த 3,00,000-ஐ அழித்துவிட்டு 6,12,000 என்று எழுதினேன். மீதி 8,72,000. மொத்தச் சம்பளம் 30 லட்சத்தைத் தொடுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஐடிஆர்-1-க்கான 50 லட்ச வரம்பு, விலக்கெல்லாம் போன பிறகு வரும் மொத்த வருமானத்துக்குத்தான்.

அதே பக்கத்தில் ‘வேலையின் தன்மை’ என்று ஒரு கட்டம் வரும். மத்திய அரசு, மாநில அரசு, பொதுத்துறை, ஓய்வூதியர், மற்றவை என்று பட்டியல் விரியும். அவசரத்தில் கையில் பட்டதைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாத இடம் அது. விடுப்புச் சம்பளத்துக்கு முழு விலக்கு மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு மட்டும்தான். என் மைத்துனர் மாநில அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு விடுப்புச் சம்பளம், கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் மூன்றுக்கும் ஒரு ரூபாய் வரி இல்லை. என் பள்ளித் தோழன் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்து 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றான். ‘நானும் கவர்மென்ட் ஆள்தானேடா’ என்று முழு விலக்கும் கேட்டுவிட்டான். பொதுத்துறை ஊழியர் அரசு ஊழியர் ஆகமாட்டார். அவனுக்கு எங்களைப் போலவே நான்கில் குறைந்தது என்ற கணக்குத்தான், அதுவும் பழைய 3 லட்ச வரம்போடு. நோட்டீஸ் வந்து, வரியை வட்டியோடு கட்டினான். மூன்று மாதம் தள்ளி ஓய்வு பெற்றிருந்தால் அவனுக்கும் 25 லட்ச வரம்பு. அதை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறான்.

பிஎஃப் பணத்தை ரிட்டர்னில் வேறு இடத்தில் காட்ட வேண்டும். வரிவிலக்கு பெற்ற வருமானம், தகவலுக்காக மட்டும், என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பிரிவு 10(12)-ஐத் தேர்ந்தெடுத்துத் தொகையைப் போட்டேன். தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு பிஎஃப் இருப்பு வரி இல்லாமல் வரும். ஆனால் இதில் எனக்கே தெரியாத ஒன்று இருந்தது. நவம்பரில் ஓய்வு பெற்றவன் டிசம்பரிலேயே பிஎஃப் எடுத்திருக்கலாம். ‘8 சதவீதத்துக்கு மேல் வட்டி வருகிறது, அவசரமென்ன’ என்று மார்ச் வரை விட்டுவைத்தேன். வேலையில் இருந்த நாள் வரைக்கும் சேர்ந்த வட்டிக்குத்தான் அந்த விலக்கு. ஓய்வுக்குப் பின் கணக்கில் ஏறும் வட்டி, மற்ற வட்டியைப் போலவே வரிக்கு உட்பட்டது. என் இருப்பு 40 லட்சம். மூன்று மாத வட்டி 80 ஆயிரத்துச் சொச்சம். பாஸ்புக்கை வைத்துக் கணக்கிட்டு, அதை மட்டும் பிரித்து ‘பிற வருமானம்’ பகுதியில் சேர்த்தேன். பிஎஃப்பை அப்படியே விட்டுவைப்பது தப்பில்லை. வட்டி நல்ல வட்டிதான். வரி உண்டு என்று தெரிந்து விட்டுவைக்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே விருப்பப் பங்களிப்பாக பிஎஃப்பில் அதிகம் போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், வருடத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல் போகும் சொந்தப் பங்களிப்பின் வட்டிக்கு வரி உண்டு.

எனக்கு பிஎஃப் அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு சிறிய பென்ஷன் வருகிறது. அது ‘பிற வருமானம்’ அல்ல, சம்பளத் தலைப்பில்தான் வரும். நிலையான கழிவும் (எந்த ரசீதும் இல்லாமல் சம்பளத்தில் கழியும் தொகை) அதற்கு உண்டு. அப்போது 50,000. 2024-25 முதல் புதிய முறையில் 75,000. குடும்ப பென்ஷன் இதற்கு நேரெதிர். என் அக்கா, மாமா இறந்த பிறகு வாங்கும் குடும்ப பென்ஷனைச் சம்பளமாகக் காட்டி நிலையான கழிவு எடுத்துக்கொண்டிருந்தார். அது ‘பிற வருமானம்’. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, இரண்டில் குறைந்தது மட்டுமே கழியும். புதிய முறையில் 2024-25 முதல் அந்த 15,000 மட்டும் 25,000 ஆகியிருக்கிறது.

வயதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 58-இல் ஓய்வு பெறுகிற எங்களைப் போன்றவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர்தான் சேரலாம் என்றாலும், 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவர் ஓய்வுப் பணம் கைக்கு வந்து குறிப்பிட்ட காலத்துக்குள் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள். முன்பு அந்தக் காலம் ஒரு மாதம். 2023 நவம்பரில்தான் மூன்று மாதமாக நீட்டினார்கள். நான் ஜனவரி முதல் வாரம், ஓய்வு தேதியும் வந்த தொகையும் எழுதிய கம்பெனிக் கடிதத்தோடு போஸ்ட் ஆபீஸ் போனேன். 20 லட்சம் போட்டேன். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 41,000 வருகிறது.

கவுண்டரில் இருந்த அம்மா, பாஸ்புக்கோடு ஒரு 15எச் படிவத்தையும் நீட்டி “டிடிஎஸ் பிடிக்காம இருக்கறதுக்குங்க, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்” என்றார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். முதல் வரியில், 60 வயது ஆனவர் தரும் உறுதிமொழி என்று அச்சாகியிருந்தது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் கணக்கு இருப்பதால் நான் வருமான வரிக்கு மூத்த குடிமகன் ஆகிவிடவில்லை. “எனக்கு இன்னும் 58-தாங்க” என்று திருப்பிக் கொடுத்தேன். நான் தர வேண்டியது 15ஜி. அதற்கு இரண்டு நிபந்தனை. வருட முடிவில் வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். அதோடு வட்டி வருமானம் மொத்தமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. அடுத்த வருடம் எனக்கு மொத்த வருமானம் 7 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரி இல்லை, ஆனால் வட்டி மட்டுமே அடிப்படை வரம்பான 3 லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் 15ஜி கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. டிடிஎஸ் பிடிக்கட்டும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திடுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி. பழைய முறையில் 80டிடிபி (80TTB) பிரிவின் 50,000 வட்டிக் கழிவும், முன்கூட்டி வரி கட்டத் தேவையில்லை என்ற சலுகையும்கூட 60-க்கு மேல்தான்.

ஜூலை முதல் வாரம் ரிட்டர்ன் போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் மெயில் வந்தது. பிரிவு 143(1)(ஏ)-யின் கீழ், ஃபார்ம் 16-இல் 3,00,000 என்றும் ரிட்டர்னில் 6,12,000 என்றும் இருப்பதால் 3,12,000-ஐ வருமானத்தில் சேர்க்க உத்தேசம், 30 நாளுக்குள் பதில் சொல்லவும் என்று. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு “போனா போகுது, கட்டிட்டு நிம்மதியா இருங்களேன்” என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இது தண்டனை அல்ல, கேள்விதான். போர்ட்டலில் உள்ளே போய் ‘உடன்படவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தனியார் ஊழியர், ஓய்வு தேதி 30-11-2023, அறிவிப்பு எண் 31/2023-இன்படி வரம்பு 25 லட்சம், நான்கு தொகைகள் இவை, குறைந்தது 6,12,000 என்று ஆறு வரியில் எழுதி அனுப்பினேன். உணர்ச்சிவசப்பட்டு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பதில் சொல்லாமல் 30 நாளை விட்டிருந்தால் அவர்கள் சேர்த்துவிட்டிருப்பார்கள். அப்புறம் திருத்த மனு, மேல்முறையீடு என்று அலைய வேண்டியிருந்திருக்கும். அதனால் ரிட்டர்ன் போட்ட பிறகும் மெயிலையும் போர்ட்டலையும் வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

அக்டோபரில் என் கணக்கை ஏற்று இறுதி அறிவிப்பு வந்தது. பிஎஃப் வட்டி, போஸ்ட் ஆபீஸ் வட்டி, பென்ஷன் எல்லாவற்றுக்கும் உரிய வரி போக, 27 ஆயிரம் அளவில் வங்கிக்குத் திரும்பி வந்தது.

2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் நான் மேலே சொன்ன பிரிவு எண்கள் அதற்குப் பொருந்தாது. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பழைய எண்கள்தான். எந்த வருடம் ஓய்வு பெறுகிறீர்களோ அந்த வருடத்து விதியை, வரம்பை, ஒரு முறை சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

போன வாரம் ஸ்டோர்ஸில் என்னிடம் வேலை கற்ற தம்பி ஒருவர் போன் செய்தார். அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. “அண்ணா, என்னென்ன பேப்பர் வாங்கி வெச்சுக்கறதுங்க?” என்று கேட்டார். லீவு லெட்ஜரின் நகல், எந்த வருடம் எத்தனை நாள் சேர்ந்தது, எடுத்தது, காசாக்கியது என்ற விவரத்தோடு, ஆபீஸ் முத்திரை வைத்து. கடைசிப் பத்து மாதச் சம்பளச் சீட்டு. கிராஜுவிட்டி கணக்குத்தாள். ஓய்வு தேதியும் தொகைகளும் எழுதிய கடிதம், இரண்டு பிரதி. “வேலையில் இருக்கும்போதே வாங்கிடு. கேட்டைத் தாண்டி வந்துட்டா ஒரு கையெழுத்துக்கு நாலு தடவை நடக்கணும்” என்றேன். லெட்ஜரை இன்றைக்கே கேட்கிறேன் என்று சொல்லி வைத்தார்.